தலைக்குப் பொட்டு வைத்த காற்றாலை

ஜனனி மேசை விசிறியைப் போட்டதும் காற்றாலை சுற்றத் தொடங்கியது. இரண்டு சுற்று ஒழுங்காகச் சுற்றியது. அதன் பிறகு தலையை ஆட்டியது. வேகம் கூடக் கூட உடம்பெல்லாம் உதறி, நின்ற பலகையோடு மேசையின் ஓரத்துக்கு நகர்ந்து வந்தது. ஆஷிகா பாய்ந்து பலகையை அமுக்கிக்கொண்டாள். பலகையில் இருந்த சின்னச் சிவப்பு விளக்கு இரண்டு முறை சிமிட்டிவிட்டு அணைந்துபோனது.

"நேத்து சாயங்காலம்கூட நின்னு எரிஞ்சிச்சேடி" என்றாள் ஜனனி.

பவித்ரா விசிறியை நிறுத்தினாள். மூன்று இறக்கைகளும் மெல்ல ஓய்ந்து நின்றன. ஒன்று மட்டும் நேர் கீழே தொங்கியது. அவள் அதை ஒரு விரலால் மேலே தள்ளினாள். அது மறுபடியும் கீழேயே வந்து நின்றது.

அந்த இறக்கையில் மட்டும் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்குக் கெட்டியாகச் சந்தனம் இருந்தது. நடுவில் குங்குமம். வைத்தவள் நான்.

திருவாரூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் பெரிய கூடம் அது. மாவட்ட அறிவியல் கண்காட்சி. ஐந்தாறு மேசை தள்ளி நடுவர் வந்துகொண்டிருந்தார். எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும் போல இருந்தது. உட்கார நாற்காலி கிடையாது.

காற்றிடமே கேட்போம்

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் சத்துணவு உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அரிசி களைவது, காய் நறுக்குவது, முட்டை உரிப்பது, பாத்திரம் துலக்குவது என் வேலை. பிள்ளைகள் "ஆயா" என்று கூப்பிடுவார்கள். என் பேர் பாக்கியம் என்று தெரிந்த பிள்ளைகள் குறைவு.

காற்றாலை செய்ததற்கு முந்தின வருஷம் கார்த்திகையில் ஒரு புயல் வந்தது. வேதாரண்யம் பக்கம் கரை ஏறி எங்கள் ஊர் வழியாகத்தான் போனது. தென்னை மரங்கள் ஒரே திசையில் சாய்ந்து கிடந்தன, யாரோ சீப்பால் வாரிவிட்டதுபோல. மின்கம்பங்கள் வயலுக்குள் மடிந்து கிடந்தன. அதற்குப் பிறகு எத்தனையோ நாள் கரண்ட் இல்லை. பள்ளிக்கூடத்துத் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. குளத்திலிருந்து குடம் குடமாகத் தூக்கி வந்துதான் சோறு வடித்தோம்.

அந்த நாட்களில் ஆஷிகா வீட்டில் மட்டும் ஒரு சார்ஜ் விளக்கு இருந்தது. அவள் அத்தா, அதாவது அப்பா, துபாயில் இருக்கிறார். ஊரில் அவர்களுக்குச் சின்னதாக ஒரு மளிகைக் கடை. அந்த விளக்கை ஜெனரேட்டர் உள்ள இடத்தில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். அதன் வெளிச்சத்தில் அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாம் உட்கார்ந்து படித்தார்கள். பவித்ராவும் அங்கே போவாள்.

மறு வருஷம் மூன்று பேரும் எட்டாம் வகுப்பு. அறிவியல் வசந்தா டீச்சர், "கண்காட்சிக்கு என்ன செய்யலாம்னு யோசிச்சுட்டு வாங்க" என்றார். எரிமலை, மழைநீர்த் தொட்டி என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பவித்ரா வகுப்பில் வாயே திறக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தட்டு கழுவும்போது ஆஷிகாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

"கரண்ட்ட எடுத்துட்டுப் போனது காத்துதானே. அதுகிட்டயே திருப்பிக் கேட்டா என்ன?"

ஆஷிகா கழுவாத தட்டோடு டீச்சரிடம் ஓடினாள். அப்படித்தான் காற்றாலை வந்தது.

எனக்குக் காற்று தெரியாத ஆள் இல்லை. சமையல் வேலைக்கு வருவதற்கு முன்னால் களத்தில் நெல் தூற்றியவள். காற்று வரும் வரைக்கும் முறத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தோள் கழன்றுவிடும். கண்ணெல்லாம் தூசி. மிஷின் வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டபோது நான் வருத்தப்படவில்லை. ஆனால் காற்றிலிருந்து விளக்கு எரியும் என்பதை இந்தப் பிள்ளைகள் சொல்லித்தான் கேட்டேன்.

"சைக்கிள் டைனமோ மாதிரிதான் ஆயா. அத டயரு சுத்தும், இத காத்து சுத்தும்" என்றாள் பவித்ரா. என்னிடம் அவள் நன்றாகப் பேசுவாள். என்னிடம் மட்டும்.

அம்சவல்லி சொன்ன வார்த்தை

பவித்ரா யார் வீட்டுப் பெண் என்று சொல்ல வேண்டும். எங்கள் சத்துணவுக் கூடத்தில் சமையலராக இருந்த அம்சவல்லியின் மகள். அம்சவல்லிக்கு எட்டு ஊருக்குக் கேட்கும் குரல். அவள் சாம்பாருக்கு உப்புப் போடுவது பக்கத்துத் தெருவுக்குத் தெரியும். அவள் வயிற்றில் இப்படி ஒரு பெண்.

"எல்லாம் ஒன்னாலதாங்க்கா" என்பாள் என்னைப் பார்த்து. "சின்னப் புள்ளையிலேர்ந்து ஓம் பக்கத்துலயே ஒக்காந்து ஒக்காந்து, ஒம்புத்தி வந்துடுச்சு அவளுக்கு."

அவள் சொன்னதில் பொய் இல்லை. நான் சின்ன வயதிலிருந்தே வாய் பேசத் தெரியாதவள். ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு மட்டும் சாம்பார் ஊற்றாமல் தாண்டிப் போய்விட்டார்கள். கேட்கக் கூச்சப்பட்டு வெறுஞ்சோற்றையே தின்றுவிட்டு எழுந்தேன். பக்கத்து இலையில் இருந்த அம்சவல்லி அதைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து பத்து வருஷம் அதைச் சொல்லிச் சிரித்திருப்பாள்.

எங்கள் பள்ளியில் எட்டாவது வரைதான். ஒன்பதாவதற்கு டவுனுக்குப் பேருந்தில் போக வேண்டும். அம்சவல்லி அதற்குச் சம்மதிக்கவில்லை. திருப்பூரில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்கு மகளை அனுப்பிவிடுவதாக இருந்தாள். தம்பியும் தம்பி மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுடைய கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு பவித்ரா வீட்டோடு இருக்கட்டும் என்பது பேச்சு.

வசந்தா டீச்சர் ஒருநாள் சமையற்கட்டுக்கே வந்து கேட்டார்.

"நல்லாப் படிக்கிற பொண்ணும்மா. ஏன் நிறுத்துறீங்க?"

"படிப்புக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். அது வாயில்லாப் பூச்சி. டவுன் பஸ்ஸுல எவனாவது இடிச்சா, ஏண்டா இடிச்சேன்னு கேக்கத் தெரியாது. கண்டக்டரு டிக்கெட்டு குடுக்காமப் போயிட்டா கூப்புடத் தெரியாது. அங்க போயி ஆயிரம் புள்ளைங்க நடுவுல என்ன பண்ணும்? எந்தம்பி வூட்டுல இருந்தா எங்கண்ணு மாதிரி பாத்துக்குவான்."

"பேசப் பேசத்தான் வரும்."

"பதினாலு வருஷமா வரலியே."

டீச்சர் விடவில்லை. ஒன்றியத்திலிருந்து பள்ளிக்கே வந்து பார்த்துக் காற்றாலையைத் தேர்வு செய்துவிட்டார்கள், மாவட்டத்துக்குப் போகிறது என்றார். அம்சவல்லி கரண்டியைப் பானை விளிம்பில் தட்டினாள்.

"சரி. மாவட்டத்துல பரிசு வாங்கிட்டு வரட்டும். வாங்கிட்டா ஒம்பதாவது படிக்கட்டும். இல்லேன்னா திருப்பூரு. நீங்களும் கேக்கக் கூடாது, நானும் மாத்தக் கூடாது."

அவள் விளையாட்டாகச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா என்று டீச்சருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அம்சவல்லி சொன்னால் சொன்னதுதான். பவித்ரா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் தன் அம்மாவை அறிந்தவள்.

மூன்று தடவை செய்த இறக்கை

காற்றாலை செய்த கதை இதற்கு முந்தியது. எங்கள் பள்ளியில் ஆய்வுக்கூடம் எல்லாம் கிடையாது. வகுப்பறையில் வைத்தால் சின்னப் பிள்ளைகள் பிய்த்துவிடும். அதனால் அரிசி மூட்டை வைக்கும் அறையில்தான் காற்றாலை வளர்ந்தது. சத்துணவு அமைப்பாளர் இரண்டு பள்ளிகளைப் பார்த்துக்கொண்டதால் அந்த அறையின் சாவி என் இடுப்பில் இருக்கும். நான் பாத்திரம் துலக்கி முடிக்கும் வரை மூன்று பேரும் அங்கே இருப்பார்கள்.

மோட்டார், ஆஷிகா வீட்டுப் பழைய டேப் ரிக்கார்டரிலிருந்து வந்தது. விளக்கு, கோயில் திருவிழாவில் கட்டி அறுந்துபோன சீரியல் செட்டிலிருந்து ஒன்று. தூணுக்கு ஒரு குழாய்த் துண்டு. இறக்கைதான் லேசில் வரவில்லை.

முதலில் நோட்டு அட்டையில் வெட்டினார்கள். அகலமாக, முறம் மாதிரி இருந்தால் காற்று நன்றாக மோதும் என்று நான் சொல்லி வைத்தேன். பிள்ளைகளும் என் பேச்சைக் கேட்டு அகலமாக வெட்டினார்கள். காற்று மோதத்தான் செய்தது. இறக்கை சும்மா நின்றது. அன்றைக்கே அறையின் கூரை ஒழுகி அட்டை ஊறிக் கூழாகிப்போனது.

"மொறம் காத்தத் தடுத்து நிக்கும் ஆயா. இது காத்த ஒரு பக்கமா வழுக்கிவிடணும்" என்று பவித்ரா கையைச் சாய்த்துக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷம் தூற்றியவள் நான்.

இரண்டாவது பெயின்ட் பக்கெட்டின் மூடி. வெட்டும்போதே உடைந்தது. மூன்றாவதுதான் போர்வெல் பிளாஸ்டிக் குழாய். புயலில் இடிந்த மோட்டார்க் கொட்டகையில் கிடந்த துண்டு. குழாயை நீளவாக்கில் கீறினால் இயல்பாகவே ஒரு வளைவு இருக்கும். ஜனனியின் அப்பா தச்சுவேலை செய்கிறவர். அவருடைய அரத்தைக் கொண்டுவந்து மூன்று பேரும் மாற்றி மாற்றி ராவினார்கள். வெள்ளைத் தூள் அரிசி மூட்டை மேலெல்லாம் விழுந்தது. நான் திட்டவில்லை. சாக்கை உதறிவிட்டு வைத்தேன்.

மூன்று இறக்கையும் ஒரே எடை வர வேண்டும் என்று பவித்ரா ஒரு வாரம் ராவினாள். கையால் சுற்றிவிட்டு, எங்கே நிற்கிறது என்று பார்ப்பாள். ஒரே இறக்கை கீழே வந்தால் அது கனம். எந்த இடத்தில் விட்டாலும் அந்த இடத்திலேயே நின்றால்தான் சரி. இதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்தும் எனக்கு மண்டையில் ஏறவில்லை.

அம்சவல்லி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை போடுவாள்.

"என்னடி, கரண்ட்டு ஆபீஸ இழுத்து மூடிடலாமா?"

"இன்னும் ரெண்டு நாளு ஆவும் அத்த" என்பாள் ஜனனி.

"மூடுறதுக்கு முந்தி எங்க வூட்டு பில்ல மட்டும் கிழிச்சுப் போட்டுடச் சொல்லுங்கடி."

ஒரு சாயங்காலம் விளக்கு எரிந்தது. கடுகு அளவு வெளிச்சம்தான். மூன்றும் கத்திய கத்தலில் அம்சவல்லி கையில் கத்தரிக்காயோடு ஓடி வந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அன்றைக்கு எந்த வார்த்தையும் போடவில்லை.

நான் செய்த காரியம்

கண்காட்சிக்குப் பெண் பிள்ளைகளோடு துணைக்கு ஒரு பொம்பளை ஆள் கூட இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் சொன்னார். அம்சவல்லி போனால் சமையல் நின்றுவிடும். அதனால் டீச்சரோடு நான்.

விடிந்ததும் பள்ளிக்கூடம் போய் அறையைத் திறந்தேன். காற்றாலை அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்றது. ஒரு இறக்கை மேலே நிமிர்ந்து, மற்ற இரண்டும் இரண்டு பக்கமும் விரிந்து, ஒரு ஆள் கையை விரித்து நிற்பது போல இருந்தது.

எங்கள் பக்கம் ஒரு பொருளை முதன்முதலில் ஊர் தாண்டி எடுத்துப் போனால் பொட்டு வைக்காமல் எடுக்க மாட்டோம். டிராக்டருக்கு வைப்போம், தையல் மிஷினுக்கு வைப்போம், கிரைண்டருக்கும் வைப்போம். இது எத்தனை பேர் கண்ணில் படப்போகிற பொருள். அதுவும் பவித்ராவின் ஒன்பதாம் வகுப்பே இதன் மேல்தான் நிற்கிறது. வெறும் நெற்றியோடு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

சந்தனத்தைக் குழைத்து வைத்தேன். வழவழப்பான குழாய் அது, வழுக்கிக் கீழே விழுந்தது. இன்னொரு தடவை வைத்தேன். அதுவும் விழுந்தது. விழுந்தால் சகுனம் சரியில்லை என்று பட்டது. பானையில் ஒட்டியிருந்த முந்தின நாள் சோற்றை எடுத்து மசித்து, அதில் சந்தனத்தைப் போட்டுப் பிசைந்து கெட்டியாக அப்பினேன். பிடித்துக்கொண்டது. நடுவில் குங்குமம் வைத்தேன்.

மேலே நிமிர்ந்து நின்ற இறக்கைக்கு மட்டும்தான் வைத்தேன். அது எனக்குத் தலையாகத் தெரிந்தது. கைக்கு யாராவது பொட்டு வைப்பார்களா?

அதன் மேல் ஒரு துணியைப் போர்த்தி, பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். பிள்ளைகள் யாரும் துணியைப் பிரித்துப் பார்க்கவில்லை. வெயிலும் சூடும் சேர்ந்து சோற்றுப் பசை கல்லாக இறுகிவிட்டது.

எட்டு ஊக்கு

வழிகாட்டி ஆசிரியர்கள் கூடத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். வசந்தா டீச்சரை அனுப்பிவிட்டார்கள். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் கொடுக்கிற ஆள் என்று நினைத்திருப்பார்கள். தூண் ஓரமாக நின்றுகொண்டேன்.

முதலில் சொன்னேனே, அந்த ஆட்டம் அப்போதுதான் ஆடியது.

"ஆயா, நீங்களா வச்சீங்க?" என்று ஆஷிகா கேட்டாள். குரலில் கோபம் இல்லை. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஜனனி நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். குங்குமம்தான் கொஞ்சம் உதிர்ந்தது. தண்ணீரில் ஊறவைக்க நேரம் இல்லை. அழுத்திச் சுரண்டினால் இறக்கையை மோட்டாரோடு ஒட்டின இடம் விட்டுப்போகும்.

பவித்ரா விளக்குக் கம்பியைச் சரியாக முறுக்கிவிட்டு, தொங்குகிற இறக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

"ஆயா, அந்த ஊக்கக் குடுங்க."

என் வளையலில் எப்போதும் மூன்று நான்கு ஊக்கு தொங்கும். எதற்கு என்று கேட்காமல் கழற்றிக் கொடுத்தேன். ஜனனி துப்பட்டாவில் குத்தியிருந்ததைக் கழற்றினாள். ஆஷிகா தலைத் துணியில் இருந்ததை எடுத்துவிட்டு முனையைக் காதோரம் செருகிக்கொண்டாள். மொத்தம் எட்டு. சந்தனம் இல்லாத இரண்டு இறக்கையிலும் நான்கு நான்காக செலோ டேப் போட்டு ஒட்டினாள் பவித்ரா. சுற்றிவிட்டாள். ஒன்றைக் கொஞ்சம் மேலே நகர்த்தினாள். மறுபடி சுற்றிவிட்டாள். இறக்கை நினைத்த இடத்தில் நின்றது.

விசிறியைப் போட்டதும் ஆட்டம் இல்லை. விளக்கு எரிந்தது. நடுவரும் வந்துவிட்டார்.

தலை நரைத்த பேராசிரியர் ஒருவர். ஜனனி துப்பட்டாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மனப்பாடம் செய்ததைச் சொல்லி முடித்தாள். அவர் விளக்கைப் பார்த்தார். விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டுக் குனிந்தார்.

"இது என்னம்மா, பொட்டா?"

"டிசைன் சார்" என்றாள் ஜனனி.

"டிசைன் ஒண்ணுல. மத்த ரெண்டுல எதுக்கு ஊக்கு?"

அவர் ஊக்கை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"யார் வச்சது இத?"

மூன்று பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். மூன்று பேரில் ஒருத்தியும் என் பக்கம் திரும்பவில்லை.

"நாங்கதான் சார்" என்றாள் பவித்ரா. அவ்வளவு பெரிய மனிதரிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை அது. அதுவும் எனக்காகச் சொன்ன பொய்.

"சுத்துற பொருள்ல ஒரு பக்கம் கனம் ஏத்தினா ஆடும்னு தெரியாம வச்சுட்டு, அப்புறம் ஊக்கு ஒட்டி ஒப்பேத்தியிருக்கீங்க. அடிப்படையே தெரியலியே. செஞ்சு குடுத்தது யாரு? வாத்தியாரா?"

அவருடைய பேனா காகிதத்துக்குப் போனது.

நான் "அய்யா" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. கிட்டே போய் இன்னொரு தடவை கூப்பிட்டேன். அவர் திரும்பினார். பக்கத்து மேசைப் பிள்ளைகளும் திரும்பினார்கள்.

"அது புள்ளைங்க வைக்கலைங்க. நாந்தான் வச்சேன். காலையில, அதுங்களுக்குத் தெரியாம. நான் பள்ளிக்கொடத்து ஆயாங்க."

"நீங்களா? எதுக்கும்மா?"

"மொதமொத ஊரத் தாண்டி வருதுங்க. கண்ணு படக் கூடாதேன்னு வச்சேன். எங்க ஊர்ல டிராக்டருக்கு வைப்போம், கதிர் அறுக்குற மிஷினுக்கு வைப்போம். அதெல்லாம் ஆடாதுங்க. இது ஆடும்னு எனக்குத் தெரியல."

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டால் நான் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறவள். அன்றைக்கு என்னவோ நிற்கவில்லை.

"இந்தப் புள்ளதான் தொங்குற எறக்கையப் பாத்துக் கண்டுபுடிச்சிச்சு. சுரண்ட முடியலன்னு ஊக்க வாங்கி ஒட்டுச்சு. எனக்குச் சங்கடமா இருக்கும்னு என்னக் காட்டிக் குடுக்காம நிக்கிதுங்க. அட்டையில செஞ்சு மழையில ஊறிப் போனது எனக்குத் தெரியும். பக்கெட்டு மூடியில செஞ்சு ஒடஞ்சது எனக்குத் தெரியும். எல்லாம் எங் கண்ணு முன்னாடிதான் செஞ்சிச்சுங்க. டீச்சருகூட அரத்தத் தொடலைங்க. தப்பு என்னோடது. அதுங்களுக்குக் கொறைச்சுப் போட்டுடாதீங்க."

இவ்வளவுதான் பேசினேன். என் ஆயுசில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான்.

அவர் பேனாவை மூடினார். பவித்ராவைப் பார்த்து, "கனம்னு எப்படித் தெரிஞ்சிச்சு?" என்றார். அவள் சொன்னாள். கேட்கவில்லை என்று அவர் குனிந்து காதைக் கொடுத்தார். அவள் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

"அதுதான் எப்பவும் கீழ வந்து நின்னுச்சு சார். எடுக்க முடியலன்னா மத்த ரெண்டையும் அதே அளவுக்கு ஏத்திடலாம்னு பட்டுச்சு."

அவர் ஒரு விரலால் இறக்கையைத் தள்ளிவிட்டார். நின்றது. இன்னொரு இடத்துக்குத் தள்ளினார். அங்கேயும் நின்றது. மூன்று தடவை செய்து பார்த்துவிட்டு "ம்" என்றார். என்னமோ எழுதினார். அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

பரிசு

சாயங்காலம் பெயர்களை வாசித்தார்கள். எங்கள் பள்ளியின் பெயர் இல்லை. சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற ஒன்றுக்கு முதல் பரிசு. எங்கள் மூன்று பிள்ளைகளுக்கும் கலந்துகொண்டதற்கான தாள் ஆளுக்கு ஒன்று.

பேருந்தில் நான் பவித்ராவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "என்னாலதான் போச்சு" என்றேன்.

"சும்மா இருங்க ஆயா" என்று முன் இருக்கையிலிருந்து ஆஷிகா திரும்பினாள். "அவங்க அந்தத் தண்ணியக் குடிச்சே காட்டுனாங்க. நாம என்ன காத்தக் குடிச்சா காட்ட முடியும்?"

பவித்ரா சிரித்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வழியெல்லாம் அறுவடை முடிந்த வயல். அவள் அந்த வயலைப் பார்க்கவில்லை, திருப்பூரைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

அன்று முதல் இன்று வரை அந்த மூன்று பிள்ளைகளில் ஒருத்தியும், உங்க சந்தனத்தால்தான் போச்சு என்று விளையாட்டுக்குக்கூடச் சொன்னதில்லை. கோயிலில் நிற்கும்போது எனக்கென்று கேட்க ஒன்றும் இருப்பதில்லை. அந்த மூன்று பேரைத்தான் சொல்லிவிட்டு வருகிறேன்.

மறுநாள் காலை அம்சவல்லி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். விஷயம் அவளுக்கு இரவே தெரிந்துவிட்டது. "சரி, வுடுக்கா. தம்பிக்குப் போன் போட்டுடுறேன்" என்றாள். கீரையையே பார்த்துச் சொன்னாள்.

அப்போது ஜனனி வந்தாள். தண்ணீர் குடிக்க வந்தவள், நான் பேசியதை அப்படியே நடித்துக் காட்ட ஆரம்பித்தாள். துப்பட்டாவை முந்தானை மாதிரி இழுத்துப் பிடித்துக்கொண்டு, "அதெல்லாம் ஆடாதுங்க, இது ஆடும்னு எனக்குத் தெரியல" என்று என் குரலிலேயே சொன்னாள்.

அம்சவல்லியின் கை நின்றது.

"யாரு? இந்த அக்காவா?"

"ஆமா அத்த."

"பொய் சொல்லாதடி."

"எங்க அத்தா மேல சத்தியமா" என்றாள் பின்னால் வந்த ஆஷிகா. "ஜட்ஜு சாரு அசந்து போயிட்டாரு. பவித்ராவும் பேசுனா. அவரு குனிஞ்சு கேட்டாரு."

அம்சவல்லி என்னைப் பார்த்தாள். "நீயா பேசுன?"

"பேசுனேன்."

"என்ன பேசுன? எங்க, சொல்லு பாப்போம்."

நான் பருப்பைக் களைந்தேன், களைந்த பருப்பையே மறுபடியும் களைந்தேன். அவள் கீரையை உருவி முடித்தாள். உலை வைத்தாள். சோறு வடிக்கும் வரைக்கும் அந்தச் சமையற்கட்டில் சத்தமே இல்லை. அவள் இருந்தும் சத்தம் இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கஞ்சியை வடித்துக்கொண்டே, யாரிடமும் சொல்லாதவள்போலச் சொன்னாள்.

"அம்பத்தெட்டு வயசு வரைக்கும் பந்தியில சாம்பாரு கேக்காத பொம்பள. இதுக்கே வாயி வந்துருக்கு. எம் மவளுக்குப் பதினாலுதானே ஆவுது."

பானையை நிமிர்த்தி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு நேரே எட்டாம் வகுப்பு வாசலுக்குப் போனாள். அவள் மெதுவாகக் கேட்பதாக நினைத்துக் கேட்டது எனக்கு இங்கே கேட்டது.

"டீச்சர், அந்த ஒம்பதாவதுக்குப் பாரம் எப்பக் குடுப்பாங்க?"

பரிசு இல்லையே என்று டீச்சர் கேட்கவில்லை. அம்சவல்லியும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சொன்ன சொல்லை அவள் மாற்றிக்கொண்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதற்கு அவளுக்கு நான் எப்படி நன்றி சொல்வது? அவளிடம் சொன்னால் சிரிப்பாள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இந்தப் பத்திரிகையை அவளுக்குப் படித்துக் காட்ட வீட்டில் பவித்ரா இருக்கிறாள். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் இரண்டாம் வருஷம்.

ஆனி மாதம் என்று நினைவு. அவள் ஒன்பதாவதில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பேருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரில்தான் நிற்கும். நாங்கள் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தோம். விசில் சத்தம், பேருந்து கிளம்பும் சத்தம். உடனே ஒரு பெண் குரல், சமையற்கட்டுச் சுவரைத் தாண்டி வந்தது.

"அண்ணே, நிறுத்துங்கண்ணே. அந்தத் தாத்தா இன்னும் ஏறல."

"யாருக்கா அது, காலங்காத்தால இந்தக் கத்து கத்துறது?" என்றாள் அம்சவல்லி.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். "உம் மவதான்."

அவள் நம்பவில்லை. பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தாள்.

பேருந்து நின்றிருந்தது. பெரியவர் கோலை உள்ளே கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டிருந்தார்.